அடுப்புக்கார நிமலனும் என் மீசையும்

பெரகல சந்தியில் இராசையாவின் தேநீர்க்கடை எங்கே என்று கேட்டால் யாரும் கையைக் காட்ட மாட்டார்கள். மீசைக்காரர் கடை என்று கேட்டால் கொஸ்லந்த பஸ்ஸின் நடத்துநர்கூட இறங்கி வந்து வழி காட்டுவார். இருபத்திரண்டு வருடம் நான் எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது. அந்த மீசை போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மச்சான் நிமலனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிமலன் என் மனைவி விஜயலெட்சுமியின் தம்பி. கொஸ்லந்தவுக்கு மேலே ஈச்சங்கலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஆள் ஒல்லி, கழுத்து நீளம், வாயைத் திறந்து பேச வைப்பதற்குள் நமக்குப் பசித்துவிடும். அந்தத் தோட்டத்து ஸ்டோரில் ஏழு வருடம் அடுப்பு வேலை பார்த்தான். தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்தை உலர்த்துவதற்குச் சூடு வேண்டும்; அந்தச் சூட்டைக் கொடுக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவது அவன் வேலை.

விறகு தள்ளுவதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் அவனைப் பார்க்க ஸ்டோருக்குப் போனேன். அவன் அடுப்பின் கீழ்க்கதவை ஒரு விரல் அளவு திறந்தான், காதைக் கொண்டுபோய் வைத்தான், பிறகு பாதி விரல் அளவு மூடினான்.

"இப்பத்தான் சரியா மூச்சு விடுது மச்சான்" என்றான்.

நெருப்புக்கு மூச்சாம். கடைக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சந்தியில் அன்றிலிருந்து அவனுக்கு 'அடுப்புக்காரன்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். மறைக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்த ஸ்டோரில் தேயிலைத் தூளில் தீப் பிடித்து எரிந்தது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை, ஆனால் தீயணைப்பு வண்டி வந்தது. மற்றவர்கள் எல்லாம் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க, நிமலன் மட்டும் வண்டியில் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். வேலை முடிந்ததும் அவர்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முகமெல்லாம் கரியோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு அவன் மனதில் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னபோதும் நெருப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வேலைய முடிச்சிட்டு அப்பிடி சிரிக்கணும்க்கா" என்று விஜியிடம் சொன்னான். "எனக்கு ஸ்டோர்ல வேல முடியிறதே இல்ல. நான் போனா அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து தள்ளுறான். ஏழு வருசமா நெருப்புக்குத் தீனி போட்டாச்சு. இனி அதப் பட்டினி போடலாம்னு இருக்கேன்."

பதுளைப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தில் பயிலுநர்களைச் சேர்ப்பதாக எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறான். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன். நடந்ததையெல்லாம் படித்த பிறகு ஏன் என்று உங்களுக்கே விளங்கும். ஆறு மாதப் பயிற்சி. முடிவில் பொறுப்பாளர் நல்லபடியாக எழுதினால் நிரந்தர நியமனம், எழுதாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஸ்டோரில் அவன் இடத்துக்கு உடனே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆக, போனால் போனதுதான். திரும்பி வந்தால் அந்த அடுப்பும் இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவனுக்காகப் பயந்தேன் என்பது பாதி. என்னைக் கேட்காமல் முடிவு எடுத்துவிட்டான் என்பது மீதி. சந்தியில் இருபது பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொண்டை கிழியக் கத்தினேன்.

"இவன் பயர்காரனா? ஏணியப் பாத்தாலே இவனுக்குத் தல சுத்தும்! இவன் மட்டும் அங்க நெலச்சு நின்னுட்டான்னா, இந்த மீசைய எடுத்துட்டு இதே சந்தியில நிக்கிறேன். இது சத்தியம்!"

நிமலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். "நல்ல மீசை மச்சான், யோசிச்சுப் பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பதுளை பஸ்ஸில் ஏறினான். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் ஊற்றிய தேநீர் பாதி மேசையில் சிந்தியது.

பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் பெயர் ஹுமைத். பதுளைக்காரர், நிமலனைவிட மூன்று வயது இளையவர். சட்டை மடிப்பு கலையாத ஆள். சிரிப்பதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கும். தன்னைவிடச் சின்னவரை 'சேர்' என்று கூப்பிட நிமலனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏணிதான் கஷ்டம். நான் சொன்னது பொய் இல்லை. நாலாவது படியில் கால் நடுங்குமாம். கூடப் பயிற்சிக்கு வந்த றுஸைனா என்ற பிள்ளை குரங்குபோல ஏறி மேலே போய் நின்றுகொண்டு, "நிமலண்ணே, மேல வாங்க, இங்கேருந்து பாத்தா உங்க ஊர் தெரியுது" என்று கிண்டல் பண்ணுவாளாம். ஊரைப் பார்க்கிற ஆசையிலேயே ஒரு மாதத்தில் கடைசிப் படிவரை ஏறிவிட்டான். ஏறிப் பார்த்தால் ஊராவது ஒன்றாவது, எதிரில் பெட்ரோல் ஷெட்தான் தெரிந்ததாம்.

இதையெல்லாம் அவன் விஜிக்குப் போனில் சொல்வான். நான் கேட்காத மாதிரிப் பாத்திரம் கழுவுவேன். நான் கேட்கிறேன் என்று தெரிந்தே விஜி போனை ஸ்பீக்கரில் போடுவாள்.

நாலாவது மாதத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. நகரத்துப் பெரிய மனிதர்கள் நிலையத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு செயல்முறைக் காட்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். பின்னால் இருந்த மைதானத்தில் பழைய பலகைகளைக் குவித்துக் கொளுத்துவது. பயிலுநர்கள் ஓடிவந்து மூன்று நிமிடத்தில் அணைப்பது. பெரியவர்கள் கை தட்டுவது. பந்தல் போட்டு, கதிரை போட்டு, 'தீயிலிருந்து மக்களைக் காப்போம்' என்று பெரிதாக ஒரு பதாகையும் கட்டியிருந்தார்கள்.

ஹுமைத் யோசிக்காமல் ஒரு வேலை செய்தார். நிமலனைப் பார்த்து, "அந்தப் பலகைகள அடுக்கிப் பத்த வைங்க" என்று சொல்லிவிட்டு விருந்தினர்களை வரவேற்கப் போய்விட்டார்.

ஏழு வருடம் அடுப்பு வேலை பார்த்தவனிடம் போய் இப்படிச் சொல்லலாமா? வேறு யாராக இருந்தாலும் பலகைகளைக் குப்பைபோலக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அது புகைந்து, கொஞ்சம் எரிந்து, தண்ணீர் பட்டதும் அடங்கியிருக்கும். நிமலனுக்கு அப்படி ஒரு நெருப்பை மூட்டக் கை வராது. அடியில் மூன்று கல்லை வைத்தான். கல்லின்மேல் பழைய இரும்புக் கம்பிகளைப் பரப்பினான். காற்று வருகிற பக்கம் பார்த்து அடுக்குக்கு ஒரு வாய் விட்டான். மெல்லிய பலகை கீழே, தடித்தது மேலே, குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் புகை போக ஒரு கை அகலம் இடைவெளி. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஒரே ஒரு தீக்குச்சி.

"ஒரு நிமிசம் ஒண்ணுமே தெரியல" என்று றுஸைனா பிறகு எனக்குச் சொன்னாள். "அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. லொறி மேட்டுல ஏறுற மாதிரி."

பயிலுநர்கள் தண்ணீர் அடித்தார்கள். மேலே பட்ட தண்ணீர் ஆவியாகிப் போனது. கீழே நெருப்பு ஆனந்தமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் பத்து நிமிடமானது. அனல் தாங்காமல் முதல் வரிசைக் கதிரைகள் பின்னால் போயின, பிறகு இரண்டாம் வரிசை, பிறகு பெரியவர்கள் கதிரைகளை விட்டுவிட்டுத் தாங்களே போனார்கள். ஒரு பொறி பறந்து பந்தலில் விழுந்தது. கடைசியில் நெருப்பு அணைந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. பந்தலில் பாதி இல்லை. பதாகையில் 'தீயிலிருந்து' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

மறுநாள் நிமலனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஹுமைத் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல்லண்டு எனக்கு வெளங்குது. ஆனா இங்க சொந்த மூளைக்கு வேல இல்ல. என்னக் கேக்காம இன்னொரு தரம் ஏதாச்சும் செஞ்சா, நான் எழுதப்போறது ஒரே ஒரு வரிதான். உங்கள வீட்டுக்கு அனுப்புற வரி."

அன்றைக்குப் போனில் அவன் குரலே எழும்பவில்லை. விஜி அழுதாள். நான் ஜெயித்துவிட்டேன், இல்லையா? மீசை தப்பியது. ஆனால் அன்று இரண்டு பேருக்குச் சீனி போடாமல் தேநீர் கொடுத்தேன், ஒருவரோடு சண்டை பிடித்தேன். விஜி என்னைப் பார்த்து, "இப்ப சந்தோசமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். துடைப்பத்தை எடுத்துக் கடையைக் கூட்டினேன். ஏற்கெனவே இரண்டு தடவை கூட்டிய கடை.

பயிற்சி முடிய இரண்டு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விஜி ஒரு பெரிய பார்சலைக் கட்டி என் கையில் கொடுத்தாள். ரொட்டி, சம்பல், நெத்திலிப் பொரியல். "கொண்டுபோய் என் தம்பிகிட்ட குடுங்க. வாயத் தொறக்காம குடுத்துட்டு வாங்க" என்றாள். போனேன். நிலையத்து வாசலில் நிமலன் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். பார்சலை நீட்டினேன். அவன் வாங்குவதற்குள் மணி அடித்தது.

ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் லயம் எரிகிறதாம். நான் வாயைத் திறக்கும் முன் அவன் வண்டிக்குள் இருந்தான், வண்டி தெருவில் இருந்தது. பார்சல் என் கையில் இருந்தது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, எதிரில் நின்ற ஆட்டோவில் பாய்ந்து ஏறி, "அந்த வண்டிய விடாத!" என்று கத்தினேன். தீயணைப்பு வண்டியைச் சாப்பாட்டுப் பார்சலோடு துரத்திய ஆள் ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். பழைய லயம். நாங்கள் போனபோது மேல்பக்கத்து முதல் இரண்டு வீடுகள் எரிந்துகொண்டிருந்தன, மூன்றாவதில் புகை. பிள்ளைகள் எல்லாம், வேலை நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் இருந்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை என்று பேர் சொல்லி எண்ணிவிட்டார்கள். நல்ல காலம். ஆனால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் மலையிலிருந்து ஓடி வந்து, மிச்ச ஒன்பது வீட்டுக் கதவுகளையும் சன்னல்களையும் முன்னும் பின்னும் விரியத் திறந்துவிட்டு, சாமான்களை வெளியே அள்ளிக்கொண்டிருந்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நானும் செய்திருப்பேன்.

ஹுமைத் எரிகிற வீடுகளுக்கு நேராகத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். றுஸைனா குழாயைப் பிடித்தாள். நிமலன் அவளுக்குப் பின்னால் குழாயைத் தாங்கிக்கொண்டு நின்றான். ஆனால் அவன் கண் எரிகிற வீட்டைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தது, பிறகு திறந்து கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஸ்டோரில் அடுப்புக் கதவில் காது வைத்தபோது இருந்த அதே முகம். எனக்குச் சட்டென்று விளங்கியது. லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் இருக்கும். ஆனால் சுவர் கூரைவரை போகாது. மேலே பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வெளி. கீழே அத்தனை கதவும் திறந்து கிடக்கிறது. இவனுக்கு அது வீடாகத் தெரியவில்லை, நீளமாகப் படுத்துக் கிடக்கிற ஒரு அடுப்பாகத் தெரிகிறது.

அவன் கால் ஒரு அடி முன்னே போனது. நின்றது. அந்த எச்சரிக்கைக் கடிதம் அவன் சட்டைப் பைக்குள் இருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவானாம். கேட்காமல் செய்தால் வேலை போகும். கேட்டுக்கொண்டு நின்றால் லயம் போகும். 'போடா, போய்ச் சொல்லுடா' என்று மனதுக்குள் கத்தினேன். வாழ்க்கையில் நான் மனதுக்குள் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

நிமலன் குழாயைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு ஹுமைத்திடம் ஓடினான்.

"சேர், கதவெல்லாம் சாத்தணும். நாலாவது வீட்டுக் காம்பராவுக்கு மேல தகரத்தக் கழட்டணும். பொக போற பக்கம்தான் நெருப்பும் போகும். இல்லாட்டி பன்னெண்டும் போயிரும். செய்யவா சேர்?"

அக்காவைத் தவிர வேறு யாரிடமும் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஹுமைத் அவனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அந்த இரண்டு விநாடி எனக்கு இரண்டு வருடம்.

"செய்ங்க" என்றார். "ஓடுங்க!"

ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும் என்று நான் கேலி செய்தவன் கையில் கடப்பாரையோடு கூரையில் ஏறினான். ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தான், கூட்டத்துக்குள் என்னைக் கண்டான்.

"மச்சான்! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! கதவுகளச் சாத்துங்க!"

சாத்தினேன். கையில் இருந்த பார்சலை எங்கேயோ வைத்துவிட்டு, ஐந்தாம் வீடு, ஆறாம் வீடு என்று ஓடி ஓடிச் சாத்தினேன். "கதவ சாத்துங்க, பின்பக்கமும் சாத்துங்க" என்று என் சந்தித் தொண்டையால் கத்தினேன். அந்தத் தொண்டை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். ஏழாவது வீட்டில் பெரியாயி என்ற அம்மா அலமாரியோடு வாசலில் மாட்டிக்கொண்டு நின்றாள். அலமாரி வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை.

"யாருய்யா நீ? எரியிற லயத்துல கதவ சாத்துறான்! மீசையப் பாரு, மூளை இருந்தா தேவலையே!"

"அம்மா, மேல நிக்கிறானே, அவன் அடுப்புக்காரன். அவனுக்குத் தெரியும்!" என்றேன். கேலிக்கு வைத்த பெயரைப் பெருமையாகச் சொல்லும் நாள் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அலமாரியை இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

மேலே தகரம் ஒன்று கழன்று கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. அந்த ஓட்டை வழியாகப் புகை கரும்பாம்பாக நேரே மேலே ஏறியது. பின்னாலேயே நெருப்பும் எட்டிப் பார்த்தது. நிமலன் சறுக்கிக்கொண்டு இறங்கினான். றுஸைனா காத்திருந்தவள்போல அந்த ஓட்டைக்கே குழாயைத் திருப்பினாள். பக்கவாட்டில் ஓட வழியில்லை, கீழேயிருந்து காற்றும் இல்லை. நெருப்பு பட்டினி கிடந்தது. அரை மணி நேரத்தில் ஆவி மட்டும் மிஞ்சியது.

நாலு வீடு போனது. எட்டு வீடு நின்றது. பெரியாயியின் அலமாரி கண்ணாடிகூடக் கீறவில்லை.

வேலை முடிந்து அவர்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். லயத்துச் சனம் வாளியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. நான் பார்சலைத் தேடினேன். அது பெரியாயி வீட்டு அலமாரிக்குள் இருந்தது. எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். ரொட்டியைப் பிய்த்து எல்லாரும் சாப்பிட்டார்கள். ஹுமைத் ஒரு நெத்திலியைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"நிமலன், கதவு தகரமெல்லாம் சரி. அண்டைக்கு அந்தப் பந்தல எரிச்சீங்களே, அந்த நெருப்ப அணைக்கிறதுக்கு என்ன செஞ்சிருக்கோணும்?"

"அந்தக் கீழ்க் கல்ல ஒரு ஒத உட்டிருந்தா போதும் சேர். அடுக்கு சரிஞ்சு அப்பவே அமந்திருக்கும்."

"அத ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே சேர்."

ஹுமைத்துக்குச் சிரிப்பு வந்தது. மேலிடத்து அனுமதி ஒன்றும் வாங்காமல், குடித்த தேத்தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்தார். றுஸைனா தரையில் உருண்டாள். நிமலன் அந்த நீளக் கழுத்தை நிமிர்த்தி, முகமெல்லாம் கரியோடு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கேட்டது இது ஒன்றுதானே, இதற்குத்தானே நான் அத்தனை சத்தம் போட்டேன்.

பார்சல் சுற்றிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் ஹாலிஎலையில் இறங்கினேன். சலூனுக்குள் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் கத்தரிக்கோலால் மீசை நுனியை நறுக்கப் போனார்.

"முழுசா எடுங்க" என்றேன்.

"ஐயா, வீட்டுல ஏதும் துக்கமா?"

"இல்லைங்க. மச்சானுக்கு வேல நிரந்தரமாயிருச்சு."

நியமனக் கடிதம் வந்தது அதற்குப் பதினேழு நாள் கழித்து.